வழிநடையும் வெம்மையும்

நுழையும்முன்

புதிய நிலங்களைக் காணும் வேட்கை மனிதனுக்கு இயல்பானது. வணிகம், கல்வி, வேலை, வழிபாடு, போர், பஞ்சம் எனப் பயணத்திற்குக் காரணங்கள் பல. வெப்பமும் ஈரமும் மிகுந்த நிலங்களுக்குச் செல்வோரை நோயும் உடன்தொடர்கிறது. அந்நோய்களின் காரணங்களை அறிய மனித இனம் பல நூற்றாண்டுகள் காத்திருந்தது. காரணம் அறிந்தபின் கிடைத்த மருந்துகளுள் ஒன்று, எல்லார் வீட்டு அடுக்களையிலும் இருக்கும் உப்பும் சர்க்கரையும் நீருமே ஆகும். அவ்வரலாற்றையும் அதன் அறிவியலையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

வியர்வை செய்யும் வேலை

மனித உடலின் இயல்பான வெப்பநிலை ஏறத்தாழ 37° செல்சியஸ். பனி பொழியும் நாட்டிலும் பாலை நிலத்திலும் உடல் இந்த அளவையே காக்க முயல்கிறது. உண்ட உணவு எரிவதாலும் தசைகள் இயங்குவதாலும் உடலுக்குள் வெப்பம் ஓயாமல் தோன்றிக்கொண்டே இருக்கிறது. அவ்வெப்பம் வெளியேற வேண்டும். சுற்றியுள்ள காற்று குளிர்ந்திருந்தால் தோலிலிருந்து வெப்பம் தானே வெளியேறிவிடும். காற்றின் வெப்பம் உடலின் வெப்பத்தை நெருங்கும்போது அந்த வழி அடைபடுகிறது. அப்போது எஞ்சியிருக்கும் ஒரே வழி வியர்வை.

வியர்ப்பதால் மட்டும் உடல் குளிர்வதில்லை. வியர்வை ஆவியாவதால்தான் குளிர்கிறது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச்செல்கிறது. காற்று உலர்ந்திருந்தால் வியர்வை விரைந்து ஆவியாகும். காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருந்தால், வியர்வை ஆவியாகாமல் உடலில் வழிந்து தரையில் சொட்டும். உடல் நீரையும் உப்பையும் இழக்கும். ஆனால் குளிர்ச்சியைப் பெறாது. உலர்ந்த பாலையின் கடுவெயிலைத் தாங்கிய ஒருவர், அதைவிடக் குறைந்த வெப்பமுள்ள கடற்கரை நகரத்தில் சோர்ந்து விழுவதற்கு இதுவே காரணம். கொல்கத்தா, சென்னை, சிங்கப்பூர் போன்ற நகரங்களின் புழுக்கம் வெயில்மானி காட்டும் அளவைவிடக் கடுமையாக உணரப்படுவதும் இதனால்தான்.

வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்து அளப்பதற்கு அறிவியலாளர்கள் 'ஈரக்குமிழ் வெப்பநிலை' என்னும் அளவைப் பயன்படுத்துகின்றனர். வெப்பமானியின் குமிழை ஈரத்துணியால் சுற்றி, அதன்மீது காற்று பட விட்டு அளப்பது அதன் எளிய வடிவம். துணியிலுள்ள நீர் ஆவியாகும் அளவிற்கு வெப்பமானி குளிரும். இந்த அளவு 35° செல்சியஸைத் தொட்டுவிட்டால், நிழலில் அமர்ந்திருக்கும் நலமான மனிதராலும் வெப்பத்தை வெளியேற்ற இயலாது. அதற்குக் குறைந்த அளவுகளிலேயே உழைப்போரும் முதியோரும் குழந்தைகளும் துன்புறுவர்.

உடல் பழகும் காலம்

வெம்மையான நிலத்திற்குப் புதிதாக வரும் உடல், அந்நிலத்திற்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ள ஒன்று முதல் இரண்டு வாரங்கள் எடுத்துக்கொள்கிறது. அந்நாள்களில் வியர்வை முன்னரே சுரக்கத் தொடங்குகிறது. அதன் அளவு கூடுகிறது. அதில் கலந்து வெளியேறும் உப்பின் அளவு குறைகிறது. இதயத்துடிப்பும் மெல்லச் சீராகிறது. ஆகவே வந்திறங்கிய முதல் சில நாள்களே இடர் மிகுந்தவை. குறுகிய விடுமுறைக்குள் எல்லாவற்றையும் கண்டுவிட எண்ணி உச்சிவெயிலில் அலைவோர் நோயுறுவது பெரும்பாலும் இந்நாள்களில்தான்.

வெப்பத்தால் நேரும் துன்பங்கள் படிப்படியாக வளர்கின்றன. வியர்வைத் துளைகள் அடைபடுவதால் தோன்றும் வேர்க்குரு முதற்படி. உப்பிழப்போடு தொடர்புடைய தசைப்பிடிப்பு அடுத்தது. தலைவலி, குமட்டல், மயக்கம், மிகுந்த வியர்வை ஆகியவற்றுடன் வரும் வெப்பச்சோர்வு அதற்கடுத்த நிலை. இந்நிலையில் நிழலில் படுக்கவைத்து, உடலைக் குளிர்வித்து, சிறிதளவு உப்பு கலந்த நீர்மத்தைக் கொடுத்தால் பெரும்பாலோர் தேறிவிடுவர்.

கவனியாது விட்டால் உடல் வெப்பம் 40° செல்சியஸைக் கடந்து வெப்பவாதமாக முற்றும். பேச்சுக் குழறும், நினைவு தடுமாறும், வலிப்பும் வரலாம். இது காய்ச்சல் அன்று. எனவே காய்ச்சல் மாத்திரைகளால் தணியாது. உடல் முழுவதையும் நீரால் நனைத்து, விசிறிக் குளிர்வித்துக்கொண்டே மருத்துவமனைக்கு விரைவது ஒன்றே வழி. நினைவிழந்தவர் வாயில் நீர் புகட்டுதல் கூடாது. நீர் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

காற்றின்மேல் பழி

வெம்மையான நிலங்களுக்குச் செல்வோர் நோயுறுவது குறித்து ஆராய்ந்த தொடக்ககால அறிஞர்களுள் ஜேம்ஸ் லிண்ட் குறிப்பிடத்தக்கவர். கடலோடிகளை வாட்டிய ஸ்கர்வி நோய்க்கு எலுமிச்சை வகைப் பழங்கள் பயன்படுவதைச் சோதித்துக் காட்டிய இவர், வெப்பநாடுகளில் ஐரோப்பியர்க்கு நேரும் நோய்கள் பற்றி 1768இல் ஒரு நூல் வெளியிட்டார். அக்காலத்தில் சதுப்பு நிலத்திலிருந்து எழும் தீய காற்றே காய்ச்சலுக்குக் காரணம் எனக் கருதப்பட்டது. 'மலேரியா' என்னும் சொல்லே 'தீய காற்று' எனப் பொருள்தரும் இத்தாலியச் சொற்களிலிருந்து பிறந்ததாகும். சதுப்பு நிலத்தை விட்டு விலகியிருக்கச் சொன்ன அறிவுரை சரியானது. அதற்குச் சொன்ன காரணம்தான் தவறானது.

காரணம் தவறாயின் என்ன நேரும் என்பதைப் பனாமா உணர்த்தியது. அட்லாண்டிக், பசிபிக் ஆகிய இரு பெருங்கடல்களை இணைக்கும் கால்வாயை வெட்டுவதற்காகப் பிரெஞ்சு நிறுவனம் ஒன்று 1881இல் அங்கே பணியைத் தொடங்கியது. ஐரோப்பாவிலிருந்தும் கரீபியத் தீவுகளிலிருந்தும் தொழிலாளர்கள் அந்த மழைக்காட்டு நிலத்திற்கு வந்தனர். மஞ்சள் காய்ச்சலும் மலேரியாவும் அவர்களைக் கூட்டங்கூட்டமாகச் சாய்த்தன. மருத்துவமனையில் நோயாளிகளின் கட்டில்மேல் எறும்பு ஏறாதிருக்கக் கட்டிற்கால்களை நீர் நிறைந்த கிண்ணங்களில் நிறுத்திவைத்தனர். அந்நீரில் கொசுக்கள் முட்டையிட்டுப் பெருகின. காக்க எண்ணிச் செய்த ஏற்பாடே நோயைப் பரப்பியது. 1889இல் அப்பணி கைவிடப்பட்டபோது இருபதினாயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டிருந்தனர் என மதிப்பிடப்படுகிறது.

கொசுவே மஞ்சள் காய்ச்சலைப் பரப்புகிறது எனக் கியூபா நாட்டு மருத்துவர் கார்லோஸ் பின்லே 1881இலேயே கூறியிருந்தார். வால்டர் ரீடு தலைமையிலான குழு 1900இல் அதனை மெய்ப்பித்தது. பின்னர் அமெரிக்கர்கள் கால்வாய்ப் பணியை ஏற்றபோது, மருத்துவர் வில்லியம் கோர்காஸ் தேங்கிய நீரை அகற்றுதல், நீர்த்தொட்டிகளை மூடுதல், சாளரங்களுக்கு வலையடித்தல் ஆகியவற்றை முனைந்து செய்தார். மஞ்சள் காய்ச்சல் அங்கிருந்து அகன்றது. 1914இல் கால்வாய் திறக்கப்பட்டது. மண்ணை வெட்டும் பொறிகளுக்கு இணையாகக் கொசுவலையும் அக்கால்வாயை உருவாக்கியது எனலாம்.

தெரியுமா?

மலேரியா ஒட்டுண்ணியைக் கொசுவின் வயிற்றில் முதன்முதலில் கண்டவர் ரொனால்டு ராஸ். அவர் அதனைக் கண்ட இடம் செகந்திராபாத். நாள் 1897 ஆகஸ்டு 20. அந்நாளே இன்று உலகக் கொசு நாளாகக் கொண்டாடப்படுகிறது. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் கொசு பெரும்பாலும் இரவில் கடிக்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். எனவே பயணியர்க்கு இரவில் கொசுவலையும் பகலில் உடலை மூடிய ஆடையும் தேவை.

நீரின் வழியே வரும் நோய்

பயணியரை மிகுதியாக வருத்துவது வயிற்றுப்போக்கு ஆகும். ஒவ்வோர் ஊரின் நீரிலும் உணவிலும் வாழும் நுண்ணுயிரிகள் வேறுபட்டவை. அவ்வூரில் வாழ்வோர் பலர் சிறுவயது முதல் அவற்றுக்கு ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றிருப்பர். புதியவர்க்கு அஃது இராது. மேலும், வெப்பமும் ஈரமும் மிகுந்த இடத்தில் சமைத்த உணவு விரைந்து கெடுகிறது. காலையில் சமைத்துத் திறந்து வைத்த உணவு, மாலைக்குள் நுண்ணுயிரிகளின் விளைநிலமாகிவிடும்.

பெரும்பாலான வயிற்றுப்போக்கு மூன்று முதல் ஐந்து நாள்களில் தானே நிற்கும். ஆனால், வாந்திபேதி எனப்படும் காலரா அத்தகையதன்று. இந்நோயால் கடுமையாகத் தாக்கப்பட்டவர் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் நீரைக்கூட இழக்கலாம். கண்கள் குழிவிழும், தோல் சுருங்கும், நாடி தளரும். காலையில் நலமாக இருந்தவர் மாலைக்குள் இறந்துபோகக் கூடும். இந்நோயின் கிருமியை ராபர்ட் கோக் 1884இல் கொல்கத்தாவில் ஆராய்ந்து அறிந்தார். கிருமி சுரக்கும் நச்சுப்பொருளே குடலிலிருந்து நீரை வெளியேற்றுகிறது என்பதை அதே நகரில் 1959இல் சம்புநாத் தே நிறுவினார். கிருமி குடலின் சுவரை அழிப்பதில்லை. அதன் நீரை மட்டுமே கொள்ளையிடுகிறது என்பது இதனால் புலனாயிற்று. இழந்த நீரையும் உப்பையும் திரும்பக் கொடுத்துக்கொண்டே இருந்தால், நோயாளி பிழைத்துக்கொள்வார் என்பதே இதன் பொருள்.

ஆனால், அந்நீரை எவ்வாறு கொடுப்பது? நரம்பின் வழியே செலுத்தும் உப்புநீர் உயிர்காத்தது உண்மை. அதற்குத் தூய்மையான புட்டிகளும் ஊசிகளும் பயிற்சி பெற்ற கைகளும் தேவைப்பட்டன. காலரா தாக்கும் இடங்களிலோ இவை கிடைப்பது அரிது. வெறும் உப்புநீரைக் குடிக்கக் கொடுத்தபோது, நோயுற்ற குடல் அதனைப் போதிய அளவு உறிஞ்சவில்லை.

சர்க்கரை திறந்த கதவு

இந்தப் புதிருக்கான விடை 1960இல் கிடைத்தது. குடலின் சுவரில் குளுக்கோசும் சோடியமும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு ஒரே வாயிலின் வழியே உள்ளே செல்கின்றன என ராபர்ட் கிரேன் என்னும் உயிர்வேதியியலாளர் விளக்கினார். சோடியம் சென்ற இடத்திற்கு நீரும் பின்தொடர்ந்து செல்லும். காலரா நச்சு இந்த வாயிலை அடைப்பதில்லை. அதாவது, உப்புடன் சரியான அளவில் சர்க்கரையும் கலந்து கொடுத்தால், பேதி நிகழ்ந்துகொண்டிருக்கும்போதே குடல் நீரை உறிஞ்சும். டாக்காவில் பணியாற்றிய டேவிட் நலின், ரிச்சர்டு கேஷ் ஆகிய மருத்துவர்கள் 1968இல் காலரா நோயாளிகளிடம் இதனை வெற்றியுடன் சோதித்தனர். எனினும், மருத்துவமனைக்கு வெளியே, பயிற்சியற்றவர் கைகளில் இது பயன்படுமா என்னும் ஐயம் மருத்துவர்களிடையே நீடித்தது.

எல்லையோரத்து ஏதிலியர்

அந்த ஐயத்தைத் தீர்க்கும் சூழல் ஒரு பெருந்துயரத்தின் நடுவே உருவாயிற்று. 1971இல் கிழக்குப் பாகிஸ்தானில் விடுதலைப்போர் மூண்டபோது, ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் எல்லை கடந்து இந்தியாவிற்குள் வந்தனர். மழைக்காலத்தில், சேறு நிறைந்த வழிகளில், குழந்தைகளையும் முதியோரையும் சுமந்தபடி நாள்கணக்கில் நடந்தனர். கிடைத்த நீரைக் குடித்தனர். கிடைத்த இடத்தில் உறங்கினர். முகாம்களை அடைந்தபோது அவர்களோடு காலராவும் வந்து சேர்ந்தது.

மேற்கு வங்கத்தின் எல்லையோர ஊரான போன்காவில் இருந்த சிறு மருத்துவமனைக்குக் கொல்கத்தாவின் மருத்துவ ஆய்வு மையத்திலிருந்து மருத்துவர் திலீப் மகலனாபிஸ் தம் குழுவினருடன் சென்றார். நோயாளிகளுக்கென அங்கே இரண்டு அறைகளே இருந்தன. கட்டில்கள் நிறைந்து, தரையெங்கும் நோயாளிகள் கிடந்தனர். நரம்பின் வழியே நீர் செலுத்துவதற்கு, கழிவு படிந்த அத்தரையில் மண்டியிட வேண்டியிருந்தது. கையிருப்பில் இருந்த நீர்ப்புட்டிகளும் விரைந்து தீர்ந்துகொண்டிருந்தன.

மகலனாபிஸ் துணிந்து ஒரு முடிவெடுத்தார். 22 கிராம் குளுக்கோசு, 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா ஆகியவற்றை ஒரு லிட்டர் நீருக்குரிய அளவாகக் கொண்டு கலவை உருவாக்கப்பட்டது. அது பொட்டலங்களாகக் கட்டப்பட்டு முகாமிற்கு வந்தது. பெரிய கொள்கலன்களில் நீருடன் கலக்கப்பட்டது. நோயாளிகளின் தாயரும் உடன்பிறந்தாரும் அதனைக் குவளையில் ஏந்தி, மீண்டும் மீண்டும் புகட்டினர். செவிலியர் செய்ய வேண்டிய பணியை உறவினரே செய்தனர்.

பயன் வியப்பூட்டியது. நூற்றுக்கு முப்பது பேர் அளவில் இருந்த இறப்பு, இக்கரைசலைப் பெற்றோரிடையே நூற்றுக்கு நான்கிற்கும் கீழாகக் குறைந்தது. 3,000க்கும் மேற்பட்டோர் இம்முறையில் பண்டுவம் பெற்றனர். உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சேர்ந்த திமான் பரூவா முகாமிற்கு நேரில் வந்து இதனைக் கண்டார். 1978இல் அந்நிறுவனம் வயிற்றுப்போக்கிற்கு எதிரான உலகளாவிய திட்டத்தைத் தொடங்கியபோது, இக்கரைசலே அதன் அடித்தளமாயிற்று. சோடியமும் குளுக்கோசும் இணைந்து செல்வதைக் கண்டறிந்தது அந்நூற்றாண்டின் மிக முதன்மையான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என 'லான்செட்' இதழ் அவ்வாண்டில் கருத்துரைத்தது. 2022இல் மறைந்த மகலனாபிசுக்கு இந்திய அரசு 2023இல் பத்மவிபூஷண் விருதை அறிவித்துச் சிறப்பித்தது.

வீடுதோறும் ஒரு பாடம்

போருக்குப் பின் பிறந்த வங்கதேசம், இந்த அறிவைத் தன் மக்களின் உடைமையாக்கியது. 'பிராக்' என்னும் தொண்டு நிறுவனத்தின் பெண் பணியாளர்கள் 1980 முதல் 1990 வரை சிற்றூர்தோறும் சென்று, ஒரு கோடிக்கும் மேற்பட்ட இல்லங்களில் தாய்மார்க்கு இக்கரைசலைத் தயாரிக்கக் கற்றுக்கொடுத்தனர். அளவுக்கரண்டி இல்லாத வீடுகளில் விரல்களே அளவுகோலாயின. மூன்று விரல்களால் கிள்ளி எடுத்த உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரைச் சேர் நீர் என்பதே பாடம். சொல்லிச் சென்றதோடு அவர்கள் நிற்கவில்லை. தாய்மார் கற்றதைச் சரியாக நினைவிற் கொண்டுள்ளனரா எனப் பிறர் சென்று சோதித்த பின்னரே பணியாளர்க்கு ஊதியம் கணக்கிடப்பட்டது.

அரிசிக் கஞ்சியில் உப்பிட்டு நோயாளிக்குக் கொடுக்கும் நம் வழக்கமும் இதே அறிவியலுக்கு உட்பட்டதே. கஞ்சியின் மாவுப்பொருள் குடலில் குளுக்கோசாக மாறி, உப்பையும் நீரையும் உள்ளே அழைத்துச்செல்கிறது. உப்பிட்ட நீர்மோரும் வெயிலில் நடப்பார் இழந்த நீரையும் உப்பையும் ஓரளவு ஈடுசெய்கிறது.

தெரிந்து தெளிவோம்

உப்பு சர்க்கரைக் கரைசல்: கொதிக்கவைத்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கலக்க வேண்டும். உப்பு கூடினால் தீங்கு. சர்க்கரை கூடினால் பேதி மிகும். வாந்தி இருந்தால் பத்து நிமிடம் பொறுத்து, சிறிது சிறிதாகப் புகட்ட வேண்டும். ஒருநாள் கலந்த கரைசலை மறுநாள் பயன்படுத்தல் ஆகாது. மருந்துக்கடைகளிலும் அரசு நலவாழ்வு நிலையங்களிலும் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இதனினும் சிறந்தது. குழந்தைகளுக்குத் தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்துதல் கூடாது.

பயணிக்கு வேண்டிய அறிவு

வெம்மையான ஈரநிலத்திற்குச் செல்வோர் முதல் மூன்று நான்கு நாள்களைத் தம் உடலுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். நடையையும் உழைப்பையும் காலையிலும் மாலையிலும் வைத்துக்கொண்டு, நண்பகலில் நிழலை நாட வேண்டும். தளர்வான பருத்தி ஆடை வியர்வை ஆவியாக உதவும். வெளிர்மஞ்சள் நிறத்தில் சிறுநீர் கழிவது போதிய நீர் உடலில் உள்ளதைக் காட்டும். அடர்மஞ்சள் நிறம் நீர் குறைந்துள்ளதை உணர்த்தும். மிகுதியாக வியர்த்தவர் வெறும் நீரையே அளவின்றிக் குடிப்பதும் தீங்காகும். குருதியில் உப்பின் செறிவு குறைந்து தலைசுற்றலும் குழப்பமும் நேரலாம். நீரோடு சிறிது உப்பும் உணவும் சேர வேண்டும்.

கொதித்த நீர், சூடாகச் சமைத்த உணவு, தாமே உரித்த பழம் ஆகிய மூன்றும் நம்பத்தக்கவை. குளிர்பானத்தில் இடும் பனிக்கட்டி எந்நீரால் ஆனது என்பதைப் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை. உண்ணும்முன் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதல் எந்த மருந்தினும் மலிவான காப்பு. வெள்ளநீரில் வெறுங்காலுடன் நடந்தால் புண்களின் வழியே எலிக்காய்ச்சல் தொற்றக்கூடும்.

மலத்தில் குருதி, கடுங்காய்ச்சல், நிற்காத வாந்தி, சிறுநீர் கழியாமை, நினைவுத் தடுமாற்றம் ஆகியவற்றுள் எது தோன்றினும் தாமே மருந்துண்ணாமல் மருத்துவரை அணுக வேண்டும். டெங்குவாக இருக்கக்கூடிய காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் போன்ற வலிநீக்கிகளை உட்கொண்டால் குருதிக்கசிவு மிகும். ஊர் திரும்பிப் பல வாரங்கள் கழிந்தபின்னும் மலேரியா தலைகாட்டலாம். ஆகவே பயணத்திற்குப் பின் வரும் எக்காய்ச்சலிலும், எந்தெந்த ஊருக்குச் சென்றோம் என்பதை மருத்துவரிடம் சொல்லுதல் தேவை. சொல்லாத ஊரின் பெயரால் நோய் பிடிபடாமல் போவதும் உண்டு.

அறிவே வழித்துணை

பனாமாவில் பணமும் பொறிகளும் இருந்தன. நோயின் காரணம் பற்றிய அறிவு இல்லை. போன்காவில் பணமும் பொறிகளும் இல்லை, அறிவு இருந்தது. அந்த அறிவை வெள்ளை அங்கிக்குள் பூட்டிவைக்காமல், ஏதிலித் தாயின் கையில் இருந்த குவளைக்கு மாற்றியதே அங்கு உயிர்களைக் காத்தது. வயிற்றுப்போக்கால் இன்றும் உலகில் குழந்தைகள் பலர் இறக்கின்றனர். அவர்களைக் காக்கும் மருந்து முன்பே கண்டறியப்பட்டுவிட்டது. அது சென்றுசேர வேண்டிய கைகள்தாம் இன்னும் எஞ்சியுள்ளன. ஒரு லிட்டர் நீரில் எத்தனை கரண்டி சர்க்கரை, எவ்வளவு உப்பு என்பதை அறிந்த ஒருவர், தாம் செல்லும் ஊருக்கெல்லாம் ஒரு மருத்துவப் பெட்டியைச் சுமையின்றி எடுத்துச்செல்கிறார்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பகுதியில் வெயில்காலத்தில் அருந்தும் நீர்ம உணவுகளைப் பட்டியலிட்டு, அவற்றுள் உப்பும் மாவுப்பொருளும் சேர்ந்தவை எவையெனக் குறிப்பிடுக.
2. உப்பு சர்க்கரைக் கரைசல் தயாரிக்கும் முறையை உங்கள் வீட்டிலுள்ள முதியோர் ஒருவர்க்கு விளக்கி, ஒரு வாரம் கழித்து அவர் நினைவிலுள்ளதைக் கேட்டு எழுதுக.
3. 'காரணம் அறியாத காப்பு தீங்காகும்' என்னும் தலைப்பில், பனாமா நிகழ்வை எடுத்துக்காட்டி வகுப்பறையில் உரையாற்றுக.